பெர்சிஸ் அக்காவின் பன்னிரண்டு நிமிடம்

“ஏட்டி, ஸ்டூலைப் பிடிச்சுக்கோ. நான் விழுந்தா எனக்கு லீவு, உனக்கு மெமோ” என்று பயிற்சி நர்ஸிடம் சொல்லிக்கொண்டே பெர்சிஸ் அக்கா ஏறிவிட்டார். இடக்கையில் கைபேசி, வலக்கையில் சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம். ஆண்கள் வார்டு மொத்தமும் படுத்தபடியே வேடிக்கை பார்க்கிறது. கைபேசியில் நிமிடம் மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாறியதும் திருகை அரைச்சுற்றுத் திருகி, கடிகாரத்தை ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இறங்குகிறார்.

மூன்றாவது கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, ஓடுத கடிகாரத்தைப் போட்டு ஏன் நோண்டுதிய?”

“ஓடுனா மட்டும் போதுமா அண்ணாச்சி? நீங்களுந்தான் நேத்து பாத்ரூமுக்கு ஓடுனிய. நேரத்துக்குப் போய்ச் சேந்தியளா?”

வார்டே சிரித்தது. பெரியவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு இந்தத் திருவிழா தொடங்கும். தாமிரபரணிக் கரையோரம் உள்ள அந்த அரசு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், அக்காவின் உத்தரவு) அக்கா திருத்துகிற சுவர்க் கடிகாரங்கள் பதினொன்று. பதினொன்றையும் பார்த்து, முந்தியதைப் பின்னுக்குத் தள்ளி, பிந்தியதை முன்னுக்கு இழுத்து, நாற்பது பக்க நோட்டில் ‘ஆண்கள் வார்டு, ஒரு நிமிடம் பின்னால்’ என்று குறித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக்கொள்வார். தோளில் தொங்கும் துணிப்பையில் பேட்டரி, திருப்புளி, இருமல் மிட்டாய், சிவப்பு மைப் பேனா. உயரம் ஐந்தடிக்குள். ஸ்டூலையும் சேர்த்தால் ஐந்தடிக்கு மேல்.

இத்தனைக்கும் அவருடைய வேலை கடிகாரம் இல்லை. பதிவறை எழுத்தர். யார் எப்போது வந்தார், எந்தக் கட்டிலில் படுத்தார், எப்படித் திரும்பிப் போனார் என்பதெல்லாம் தாளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும் அறைக்கு அவர்தான் ராணி. என் மாமியாரின் சிகிச்சைத் தாள்களுக்கு நகல் வாங்க மூன்று வாரம் முன்பு அங்கே போனேன். வேறு அலுவலகங்களில் பட்ட அனுபவத்தில், மூன்று நாளாவது அலைவோம் என்று சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போயிருந்தேன். அக்கா நான்கு நிமிடத்தில் கட்டை உருவிக் கையில் கொடுத்தார். கையில் பொட்டலத்தோடு நான் அசடு வழிந்தேன்.

“கொஞ்சம் இருங்க அண்ணாச்சி, நகல் எடுத்துத் தாரேன். ஆறு நிமிஷம்.”

என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஐம்பத்தேழு. ஆனாலும் வேட்டி கட்டிய எவரும் அவருக்கு அண்ணாச்சிதான். ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ‘கொஞ்ச நேரம்’, ‘இப்ப வந்திருதேன்’ என்ற வார்த்தைகளை யாராவது அவர் காதுபடச் சொன்னால் தொலைந்தார்கள். “எந்த இப்ப? இன்னைக்கு இப்பயா, நாளைக்கு இப்பயா?” என்று பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் தங்கள் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவாராம். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும் போதகர் ஐயரிடம், “இன்னைக்கு நாப்பத்தி மூணு ஐயரவாள்” என்று பிரசங்கத்தின் அளவைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். ஐயர் இப்போதெல்லாம் முப்பதுக்குள் முடித்துவிடுவதாகக் கேள்வி. சபையார் அக்காவுக்கு ரகசியமாக நன்றி சொல்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் தலைக்கு மேலேயே, பதிவறைச் சுவரில், ஒரு கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு மணி கீர்த்தனை மெட்டு ஒலிக்கிற ரகம். ஊருக்கெல்லாம் மணி சொல்கிறவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி எனக்கு.

“அக்கா, எல்லா வார்டையும் திருத்துதிய. உங்க கடிகாரம் பன்னெண்டு நிமிஷம் முந்திப் போகுதே!” என்றபடி கையை நீட்டினேன்.

“அதைத் தொடாதிய.”

அதுவரை கேட்காத குரல். நான் கையை மடக்கிக்கொண்டேன். ஆறு நிமிடம் முடிந்து நகல் வந்தது. நான் நகரவில்லை. என் மூக்கு நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அக்கா என்னை மேலும் கீழும் அளந்தார். பிறகு, “இருங்க. அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னுக்கிட்டே கேளுங்க. இல்லைன்னா ஊசிப் போயிரும்” என்றார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் மற்றவர்களிடம் கிண்டித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இனி எழுதுவது.

ஒரு மருத்துவமனையில் பிரசவத்தையொட்டி ஒரு பெண் இறந்துபோனால், அது ஏன் நடந்தது என்று உட்கார்ந்து ஆராய வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தின் குறிப்புகளை எழுதுவது பதினான்கு வருடமாக பெர்சிஸ் அக்கா. கூட்ட அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வாசகம் தொங்கும்: ‘இக்கூட்டம் குற்றம் காண அல்ல, கற்றுக்கொள்ள.’ அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. வாசகத்தைத் தினமும் பக்கத்திலிருந்து படிப்பது அது ஒன்றுதான். கூடுகிறவர்கள் முதல் வேலையாக, யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் கட்டுவதற்கு வாகான தலை, கூட்டத்துக்கே வராத தலை.

“உறவினர் தாமதம்னு எழுதி எழுதி, கம்ப்யூட்டருக்கே மனப்பாடம் ஆயிட்டு அண்ணாச்சி. ‘உற’ன்னு அடிச்சாப் போதும். மிச்சத்தை அதே எழுதிக்கிடும். அதைப் பாத்து நான் சிரிச்சிருக்கேன். சவத்தெழவு, சிரிச்சிருக்கேன் பாருங்க.”

போன வருடம் ஐப்பசியில் முக்கூடலிலிருந்து கோமு என்ற பெண் பிரசவத்துக்கு வந்தாள். இருபத்தாறு வயது. முதல் பிள்ளை. சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்த சற்று நேரத்தில் ரத்தப்போக்கு தொடங்கி நிற்கவில்லை. ரத்தம் கேட்டுச் சீட்டு எழுதி, கணவன் மகேஷிடம் கொடுத்து, முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள ரத்த வங்கிக்கு அனுப்பினார்கள். அங்கே அதுதான் வழக்கம். பிள்ளை பெற்றவளின் வீட்டு ஆள்தான் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரத்தம் வந்து, ஏற்றி, அதற்கு மேல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் கோமு இறந்துவிட்டாள்.

தாள்களை அடுக்கிப் பார்த்தார்கள். பிரசவ வார்டு நோட்டில், ரத்தச் சீட்டு எழுதிய நேரம் 2.35. ரத்த வங்கி நோட்டில், சீட்டு வந்த நேரம் 2.50. பதினைந்து நிமிடம். பரவாயில்லை, கணவன் வழி தெரியாமல் திணறியிருப்பான், அதற்குத்தான் ‘உற’ இருக்கிறதே. அடுத்ததுதான் இடித்தது. ரத்தப் பை வெளியே போன நேரம் 3.10. வார்டில் ஏற்றத் தொடங்கிய நேரம் 3.40. பை கையில் கிடைத்து அரை மணி நேரம் நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தாள்?

நர்ஸ் பெயர் ரீபா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். ஒப்பந்த வேலை. ஒரு மெமோ போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். “நான் ஒரு நிமிஷங்கூட நிக்கலைக்கா, ஓடிக்கிட்டேதான் இருந்தேன்” என்று பதிவறையில் வந்து அழுதாளாம். அக்கா அவளுக்கு ஓர் இருமல் மிட்டாய் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் செய்ய அப்போது ஒன்றுமில்லை. நோட்டில் எழுதியிருக்கிறதே!

வீட்டாரிடம் விசாரித்து எழுதும் படிவத்தில் கணவனின் கையெழுத்து விடுபட்டிருந்தது. வழக்கமாகப் போய் வாங்கி வரும் கிராம சுகாதார நர்ஸ் விடுப்பு. அக்காவுக்கோ எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்று சோறு இறங்காது. பஸ் ஏறி முக்கூடல் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீடு. மகேஷ் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் சித்தி மடியில் குழந்தை. பேச வந்தவர் மகேஷின் பெரியப்பா சிவசண்முகம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா படிவத்தை நீட்டினார். அவர் பதிலுக்கு ஒரு மனுவை நீட்டினார். எழுத்தருக்கு எழுத்தர் சளைக்கவில்லை.

மனுவின் சாரம்: குழந்தை பிறந்த நேரம் 2.22 என்று உங்கள் மருத்துவமனை எழுதியிருக்கிறது. அது தவறு. பிறந்தது 2.10. ஜாதகம் கணிக்க வேண்டும், திருத்தித் தரவும்.

“எனக்குக் கோவம் வந்துட்டு அண்ணாச்சி. பெத்தவ போயி பதினாறு நாள் ஆகுது, இவியளுக்குக் கட்டம் கேக்குதான்னு. எங்களுக்கு ஜாதகமெல்லாம் கிடையாது, ஆஸ்பத்திரி நோட்டுல என்ன இருக்கோ அதான் நேரம்னு வெடுக்குனு சொல்லிட்டேன்.”

சிவசண்முகம் கோபப்படவில்லையாம். குழந்தையைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறார்: “பன்னெண்டு நிமிஷத்துல லக்கினமே மாறிப் போகுதும்மா. அது உங்களுக்கு வேடிக்கையா இருக்கலாம். தாயில்லாத பிள்ளை. அவ எப்பப் பொறந்தான்னு சொல்லுததுக்குப் பெத்தவ இல்ல. அந்த நேரத்தையாவது நாங்க சரியா வைக்கணும்லா?”

சொல்லிவிட்டுத் தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். பிரசவ வார்டு வாசலிலிருந்து மகேஷ் அனுப்பிய செய்தி. ‘பொம்பளப் பிள்ளை பெரியப்பா. 2.10. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ.’ செய்தி வந்துசேர்ந்த நேரம் 2.13.

மருத்துவமனைக் கணக்குப்படி பிள்ளை பிறப்பதற்கு ஒன்பது நிமிடம் முன்பே பிறந்த சேதி முக்கூடல் வந்துவிட்டது. அக்கா அந்தத் திரையைப் பார்த்தார். 2.10, 2.22. மனதுக்குள் கழித்துப் பார்த்தார். பன்னிரண்டு என்ற அந்த எண்ணை உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஏனென்றால் அதை வைத்தவர் அவர்.

ஆறு வருடம் முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு, அவர்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் சார்பில் பிரசவ வார்டுக்கு அந்தப் பாட்டுக் கடிகாரத்தைப் பரிசளித்தார்கள். மாட்டியவர் அக்கா. அந்த வார்டு நர்ஸ்கள் மதியம் பன்னிரண்டுக்குள் பதிவறைக்கு அனுப்ப வேண்டிய நோயாளிப் பட்டியலை ஒருநாளும் நேரத்துக்கு அனுப்பியதில்லை. பார்த்தார். மாட்டும்போதே பைய முள்ளை முன்னால் தள்ளிவிட்டார். நம்மில் எத்தனை வீட்டில் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடவில்லை? பஸ் தவறாமலிருக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளை விரட்ட, எல்லோரும் செய்கிற காரியம்தானே.

“பத்து நிமிஷம்தானே எல்லாரும் வைப்பாங்க, அதென்ன பன்னெண்டு?” என்று கேட்டேன்.

“பத்துன்னா மனசுக்குள்ள கழிச்சிருவாளுவ அண்ணாச்சி. பன்னெண்டைக் கழிக்கச் சோம்பேறித்தனம் வரும்லா?”

இதைச் சொல்லும்போது, அந்த நிலையிலும், அவர் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பட்டியல் மறுநாளிலிருந்து டாண் என்று வந்ததாம். இரண்டு மாதத்தில் அக்காவே அதை மறந்துபோனார். பேட்டரி மாற்றியவர்களும் முள்ளைத் தொடவில்லை. பிரசவ வார்டு மட்டும் ஊரைவிடப் பன்னிரண்டு நிமிடம் முந்தி வாழ்ந்துகொண்டிருந்தது. கடிகாரம் கொஞ்சம் அவசரக்காரி என்று பழைய நர்ஸ்களுக்குப் பொத்தாம்பொதுவாகத் தெரியும். புதிதாக வந்த ரீபாவுக்கு அதுவும் தெரியாது. நோட்டில் எழுதுகிற எல்லோரும் சுவரைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

அக்கா அங்கேயே படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டார். சீட்டு எழுதிய நேரம் 2.35 இல்லை, 2.23. அப்படியானால் அது ரத்த வங்கிக்குப் போய்ச் சேர எடுத்தது பதினைந்து நிமிடம் இல்லை, இருபத்தேழு நிமிடம். ரத்தம் ஏற்றத் தொடங்கியது 3.40 இல்லை, 3.28. நர்ஸின் அரை மணி பதினெட்டு நிமிடமாகச் சுருங்கியது. அந்தக் கடிகாரம் முற்றத்தில் தொலைந்த பன்னிரண்டு நிமிடத்தை எடுத்து ரீபாவின் கணக்கில் போட்டிருந்தது.

“ஏன்யா மகேஷ், அந்த முற்றத்தைத் தாண்ட இருபத்தேழு நிமிஷமா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறார்.

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினானாம். “ரெண்டு மட்டம் ஓடுனேன்க்கா. முதல் மட்டம் போனப்ப சீட்டுல சீல் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாவ. சீல் எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒவ்வொரு அறையா ஏறி எறங்குனேன். நான் நிக்கவே இல்லக்கா.”

இருபத்தேழு நிமிடம் ஓடியவனின் பெயரில்தான் ‘உறவினர் தாமதம்’ என்று தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அந்தத் தாளையே அவன் கையில் கொடுத்து ஒப்பம் கேட்க வந்திருந்தார் அக்கா. கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டியவர் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டாராம். நேரத்தையும் நிறுத்தத்தையும் தவறவிடாத மனுஷி. வாயைத் திறந்தால் மெமோ தனக்கு. ஓய்வுபெற இரண்டரை வருடம்தான் பாக்கி. திறக்காவிட்டால் ரீபாவுக்கு. ஒரு மூன்றாவது வழியும் இருந்தது. விடியற்காலையில் போய் முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டால் போதும். செய்ததற்குத் தடயமே இருக்காது, கேள்வி கேட்கவும் யாருமில்லை.

“பொய் சொல்ல மாட்டேன். காலையில ஸ்டூல் போட்டு ஏறினேன் அண்ணாச்சி. திருகுல கையும் வச்சிட்டேன். அந்தப் பிள்ளை சித்தி மடியில கெடந்து கொட்டாவி விட்டது கண்ணுக்குள்ள வந்து நின்னுட்டு. கைய எடுத்துட்டேன்.”

முள்ளைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் கழற்றி, பேட்டரி மாற்ற வேண்டும் என்று வார்டில் சொல்லிவிட்டு, துணிப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். மதியம் இரண்டரைக்குக் கூட்டம். தலைமை மருத்துவர் தாணுமாலையன், ரத்த வங்கிப் பொறுப்பாளர் தாஜ் முகம்மது, இன்னும் நான்கைந்து பேர். ரீபா வாசலோரம் நாற்காலி நுனியில். அக்கா எப்போது சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வரைவறிக்கையைப் படித்தார். “ரத்தம் கிடைத்த பின்னரும் முப்பது நிமிடம் தாமதித்த பணிச் செவிலியர் ரீபா...”

பையிலிருந்து கீர்த்தனை கிளம்பியது.

ஆளாளுக்குச் சட்டைப்பையைத் தடவினார்கள். “யாரு போன்? ஆஃப் பண்ணுங்கவே” என்றார் டாக்டர். மெட்டு நிற்கவில்லை. முழுச் சரணமும் பாடி முடித்து, மூன்று அடி அடித்து ஓய்ந்தது. கூட்டத்தில் இருந்த எல்லாக் கைபேசிகளிலும் மணி 2.48.

அக்கா கடிகாரத்தை எடுத்து மேசைமேல், தேநீர்க் குவளைகளுக்கும் முறுக்குத் தட்டுக்கும் நடுவில் வைத்தார். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. “போன் இல்ல சார். சாட்சி. பன்னெண்டு நிமிஷம் முந்தி அடிக்கி. முந்தி வச்சது நாந்தான். லிஸ்டு நேரத்துக்கு வரணும்னு ஆறு வருசத்துக்கு முன்னால வச்சேன். அந்தப் பன்னெண்டு நிமிஷம் இந்தப் பிள்ளையோடது இல்ல. அதை அவ கணக்குலருந்து எடுத்திருங்க” என்றார். சிவசண்முகத்துக்கு வந்த செய்தியின் நகலையும், ஒத்தாசைக்கு அவர் 2.10 என்று கணித்துக் கொடுத்திருந்த ஜாதகக் கட்டத்தையும் பக்கத்தில் வைத்து, மகேஷின் இரண்டு ஓட்டத்தையும் சொன்னார்.

டாக்டர் தன் கைபேசியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டத்துக்குப் பின்னாலிருந்த பல்லிகூடத் தலையை நீட்டிப் பார்த்தது.

முதலில் வாயைத் திறந்தவர் தாஜ் முகம்மது. குனிந்தபடியே, “அந்தப் பையன் ரெண்டரைக்கே வந்தான் சார். சீல் இல்லன்னு திருப்பி அனுப்புனது நாந்தான். அதை ரிஜிஸ்டர்ல ஏத்தல. திரும்பி வந்த நேரத்தைத்தான் எழுதுனேன். சீல் இல்லாமக் குடுத்தா என் கழுத்துக்குக் கத்தி வரும்னு பயம்” என்றார். பயிற்சி மருத்துவர் ஒருவர், சீல் இல்லாத சீட்டை எழுதியது தான்தான் என்றார். வார்டில் சீல் எங்கே என்று கேள்வி வந்தது. வார்டில் சீல் இல்லை. ஒரு மாதமாகவே இல்லை. யாரோ விடுப்புச் சீட்டில் திருட்டுத்தனமாகக் குத்திக்கொண்டார்கள் என்று, வாங்கிப் பூட்டி வைத்தாயிற்று.

“யாரு பூட்டி வச்சது?” என்றார் டாக்டர் தாணுமாலையன். எல்லோரும் முறுக்கைப் பார்த்தார்கள். டாக்டரும் முறுக்கைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என் டிராயர்லதான் இருக்கு” என்றார். கோமு பிரசவித்த அன்று மதியம் சாவியோடு அவர் சாப்பிடப் போயிருந்தார்.

அன்றைக்குக் கூட்டம் ஆறரைவரை நடந்தது. தேநீர் ஆறிப்போய் இரண்டு தடவை மாற்றினார்கள். சட்டத்தில் தொங்கும் வாசகம் பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அன்று நடைமுறைக்கு வந்தது என்பது அக்காவின் மதிப்பீடு. ரீபாவின் பெயர் அறிக்கையிலிருந்து போயிற்று. ‘உறவினர் தாமதம்’ என்ற வரியும் போயிற்று. அக்கா கம்ப்யூட்டருக்கு அதை மறக்கவைக்க ஒரு பையனைப் பிடித்து வந்தார். பிள்ளை பிறந்த நேரம் 2.10 என்று சிவப்பு மையில் திருத்தி, கையெழுத்திட்டு, முக்கூடலுக்குப் பதிவுத் தபாலில் போனது. ஜாதகக் கட்டம் அரசாங்கக் கோப்பில் இணைப்பு எண் ஏழு.

இந்த இணைப்பு எண் ஏழு எப்படியோ பாளையங்கோட்டைவரை போய்ச் சேர்ந்தது. பெர்சிஸ் ஜாதகம் பார்க்கப் போய்விட்டாள் என்று சபையில் குசுகுசுப்பு. ஐயரே வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் பைய விசாரித்தாராம். “கட்டம் பாக்கல ஐயரவாள். மணி பாத்தேன். அதுவும் என் மணியை” என்றிருக்கிறார் அக்கா. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நெடுநேரம் உட்காரப் பயந்து கிளம்பிவிட்டார்.

மெமோவும் வந்தது, மாவட்டத்திலிருந்து. ‘அலுவலகக் கடிகாரத்தை அனுமதியின்றி மாற்றியமைக்காக எச்சரிக்கப்படுகிறார்.’

“வாங்கிப் படிச்சிட்டு, நானே நம்பர் போட்டு, என் ஃபைல்லயே கட்டிட்டேன். வேற யாரு கட்டுவா? பதிவறை எழுத்தர் நாந்தானே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது அந்த மருத்துவமனையில் ரத்தச் சீட்டை வீட்டார் கையில் கொடுப்பதில்லை. வார்டிலிருந்து போன் போகும். சீட்டோடு மருத்துவமனை ஆள் ஓடுவார். பிரசவ வார்டு மேசையில் சீலைச் சணல் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பிடுங்கினாலும் வராது. அங்கே வேறு கடிகாரம் மாட்டிவிட்டு, பாட்டுக் கடிகாரத்தை முள்ளைத் தொடாமல் தன் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார் அக்கா, செய்தது மறந்துவிடக் கூடாது என்று. எல்லா நோட்டுகளும் ஒரே மணியில் எழுதப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அக்காவின் திங்கட்கிழமைத் திருவிழா. ஆய்வுக் கூட்டம் கூடினால் முதல் ஆளாக அக்கா எழுந்து, “நான் செஞ்சதை நான் சொல்லிருதேன்” என்று அந்த மாதத்தில் தான் செய்த ஏதாவது தவறைச் சொல்வார். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கோப்பைத் தவறான கட்டில் வைத்ததையாவது சொல்வார். அதன் பிறகு மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடுகிறதாம். தை மாதம் இன்னொருத்திக்கு அதேபோல ரத்தப்போக்கு. சீட்டு முற்றத்தைத் தாண்ட நான்கு நிமிடம். அவள் பிழைத்து, பிள்ளையோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள். அந்த ஆட்டோ கிளம்பிய நேரத்தையும் அக்கா குறித்து வைத்திருக்கிறார், எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும்.

“அன்னைக்கும் நாலு நிமிஷத்துல போயிருந்தா கோமு பிழைச்சிருப்பாளா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியாது அண்ணாச்சி. டாக்டருக்கும் தெரியாதாம். அந்தக் கேள்விய மட்டும் எங்கன ஃபைல் பண்ணன்னு எனக்குத் தெரியல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அழுதார் என்று எழுத எனக்கு அனுமதி உண்டு. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை அவரோடு பதினொரு கடிகாரமும் சுற்றி முடித்துப் பதிவறைக்கு வந்தோம். சுவரைப் பார்த்த அக்கா நின்றுவிட்டார். பாட்டுக் கடிகாரம் ஏழு நாற்பதில் நின்றுபோயிருந்தது.

“பேட்டரி தீந்துட்டு” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். இந்தமுறை யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. நானாகப் போய்ப் பிடித்துக்கொண்டேன். கடிகாரத்தை இறக்கி, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்து, பையிலிருந்து புதுப் பேட்டரி எடுத்துப் போட்டார். கைபேசியைப் பார்த்தார். 10.26. திருகைப் பிடித்து முள்ளைச் சுற்றிக்கொண்டு வந்து பத்து இருபத்தாறில் நிறுத்தினார். பிறகு உதடு அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு கோடாக, பன்னிரண்டு கோடு முன்னால் தள்ளினார். ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.